போசிக்கு ஒரு கை அகலம்

வண்டிகளுக்கு வலி கொடுக்கலாம் என்று முதலில் யோசித்த மகராசன் யார் என்று எனக்குத் தெரியாது. கையில் கிடைத்தால் உட்கார வைத்து நாலு வார்த்தை பேச ஆசை.

காரணம் என்னவோ நல்லதுதான். நெடுஞ்சாலையில் லாரிகள் தீப்பிடித்து எரிந்த காலம் ஒன்று இருந்தது. எஞ்சின் சூடானால் டிரைவர் முன்னால் சிவப்பு விளக்கு எரியும். அவர் அதன்மேல் ஒரு சாமி படத்தை ஒட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். விளக்கை மறைக்கலாம், வலியை மறைக்க முடியாது என்று முடிவு கட்டினார்கள். ஒவ்வொரு பெரிய வண்டிக்குள்ளும் ஒரு மனத்தை வைத்து, உடம்பு முழுக்க உணரிகளைப் பொருத்தி, வயர் இழுத்து, சுட்டால் சுடுகிறது என்று அதற்கே தெரிய வைத்தார்கள். வண்டிக்குள் அடுப்பு, ஹீட்டர் எதுவும் கூடாது என்று ஒரு சட்டமும் போட்டார்கள். தீ விபத்து நின்றுபோனது.

அப்புறம்தான் தெரிந்தது, வலி தெரிந்த எதற்கும் சாக்குச் சொல்லவும் தெரியும் என்று. மேடு கண்டால் 'சுடுது' என்று படுத்துக்கொள்ளும் வண்டிகள் கிளம்பின. நிஜ வலியா நடிப்பா என்று பார்த்துச் சொல்ல அரசாங்கம் ஓர் உத்தியோகத்தை உண்டாக்கியது. வண்டி மனப் பரிசோதகர். அதுதான் நான். பெயர் ஜெசிந்தா, ஊர் தூத்துக்குடி, பிழைப்பு ஈரோடு வட்டாரத்தில். லாரிக்காரர்கள் என்னை 'டாக்டரம்மா' என்பார்கள். நான் வைத்தியம் எதுவும் பார்ப்பதில்லை. நடிப்பு என்று தெரிந்தால் கையெழுத்துப் போடுவேன், அந்த மனத்தைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஒன்றை ஏற்றுவார்கள். வண்டி அதே வண்டியாகத்தான் இருக்கும்.

என் இலாகா ஜீப்புக்கும் மனம் உண்டு. அதற்கு நான் வைத்த பெயர் சாமியார். கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்லும், அதுவும் செய்தி வாசிப்பதுபோல. "இடப்புறம் திரும்புகிறேன், அம்மா." "மழை வரக்கூடும், அம்மா." வருடக்கணக்காக என்னைச் சுமக்கிறது, ஒரு முனகல் கிடையாது. எல்லா வண்டியும் உன்னைப் போல இருந்தால் எனக்கு வேலையே போய்விடும் என்று அதனிடமே பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். மதியம் எங்காவது மரத்தடியில் அதை நிறுத்தி, காலையில் கட்டிக்கொண்டு வந்த இட்லியைச் சாப்பிடுவேன். அந்நேரத்துக்கு அது செங்கல்லாகியிருக்கும்.

அன்றைக்கு வேலை சத்தியமங்கலத்தில், செம்மலை டிரான்ஸ்போர்ட் என்ற கம்பெனியில். மேனேஜர் ஈஸ்வரமூர்த்தி வாசலிலேயே பிடித்துக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை. அவசரக்காரர், அவ்வளவுதான்.

"திம்பம் ஏத்தத்துல மூணு தடவை நின்னுபோச்சுங்க. போன வாட்டி பின்னால வந்த பஸ்ஸு பின்னுக்கு உருண்டு, தடுப்புச் செவுரு இருந்ததால தப்பிச்சுது. எங்க மெக்கானிக் பிரிச்சுப் பாத்துட்டாரு, எஞ்சின்ல ஒரு கொறையும் இல்ல. வண்டி நடிக்குதுங்க. துடைக்கிற ஆளு சாயங்காலம் வர்றாரு. நீங்க கையெழுத்துப் போட்டுட்டா முடிஞ்சுது."

லாரியின் பெயர் நாச்சி. நெற்றியில் மஞ்சள் பூசி, கண்ணுக்கு மை வைத்ததுபோல முன்விளக்கைச் சுற்றிக் கறுப்பு வண்ணம் தீட்டியிருந்தார்கள். பக்கத்தில் அதை ஓட்டும் புருஷனும் பெண்டாட்டியும் நின்றார்கள். பொங்கியண்ணன் ஒல்லி, பேச்சு குறைவு. பாவாயி அவருக்கும் சேர்த்துப் பேசுகிறவள். இருவரும் மாறி மாறி ஓட்டுவார்கள். மைசூருக்கு மஞ்சள் ஏற்றிப் போய், வரும்போது மரப்பட்டையோ மாட்டுத்தீவனமோ கொண்டு வருவார்கள்.

"டாக்டரம்மா, இது நடிக்கிற வண்டி இல்லீங்க," என்றாள் பாவாயி. "அஞ்சு வருசமா எங்க கூட இருக்குது. இவரு இருமுனா கண்ணாடிய ஏத்தி உட்டுரும். நான் கண்ணசந்தா பாட்டச் சின்னதாக்கிரும். தொடச்சுட்டா மொகம் அப்படியே இருக்கும், கூப்புட்டா வேற யாரோ 'ஏனுங்க'ன்னு பதில் சொல்லும். அது எப்புடிங்க, வீட்டுக்குள்ள ஆள மாத்தி வெச்ச மாதிரி?"

இந்த மாதிரிப் பேச்சை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். பாவமாகத்தான் இருக்கும். பாவம் பார்த்தால் பஸ் உருளும். நான் நாச்சியின் மூக்குப் பக்கம் என் கருவியைப் பொருத்தி விசாரணையைத் தொடங்கினேன்.

"ஏன் நின்ன?"

"சுட்டுச்சுங்க." பாவாயியின் குரலுக்குத் தங்கை மாதிரி ஒரு குரல்.

"புகைக்குழாய்ல இருக்கிற உணரி பயங்கரச் சூடுன்னு காட்டியிருக்கு. அதுக்கு அடுத்த உணரி சாதாரணச் சூடுதாங்குது. ரெண்டுல எது பொய்?"

"ரண்டுமே பொய் சொல்லலீங்க."

"அப்போ நீ பொய் சொல்றியா?"

"சுட்டுச்சுங்க," என்றது மறுபடி.

எந்த உணரி, என்ன நேரம், எவ்வளவு சூடு என்று எல்லாமே என் திரையில் இருந்தன. கேட்க வேறு எதுவும் இல்லை. பேனாவை எடுத்துவிட்டேன். அப்போது ஒன்று கண்ணில் பட்டது. அஞ்சு வருடமாகத் திம்பம் ஏறிக்கொண்டிருந்த வண்டி, நின்ற மூன்று தடவையும் பங்குனிக்கு அப்புறம். சோம்பேறி என்றால் முதல் வருடமே சோம்பியிருக்க வேண்டும். பங்குனியில் திடீரென்று ஞானோதயம் வந்து சோம்பல் பிடிக்குமா?

"ஒரு தடவை ஏறிப் பாத்துடலாம்," என்றேன்.

"இப்பவேங்களா?" என்று ஈஸ்வரமூர்த்தி கடிகாரத்தைப் பார்த்தார்.

"துடைக்கிற ஆளுக்கு டீ வாங்கிக் குடுங்க. வந்துடறேன்."

நான் நாச்சிக்குள் ஏறி நடு இருக்கையில் உட்கார்ந்தேன். சாமியார் பின்னாலேயே தனியாக வந்தது. பொங்கியண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தார். லாரிகள் இப்போது கரும்புச் சாராயத்தில் ஓடுகின்றன. டிரைவர் ஒரு சொட்டுத் தொடக் கூடாது, வண்டி மட்டும் டாங்க் நிறையக் குடிக்கலாம். உலகத்தில் நியாயம் எப்படியெல்லாம் இருக்கிறது பாருங்கள்.

வெயில் உச்சிக்கு வந்திருந்தது. பண்ணாரியில் மலை ஏறுவதற்கு முன் எல்லா வண்டியும் நிற்கும், அம்மனைக் கும்பிட. பொங்கியண்ணன் சூடம் கொளுத்தப் போனார். பாவாயி ஒரு துணிப்பையோடு வண்டிக்கு முன்னால் போய் மூடியைத் தூக்கினாள். எலுமிச்சம்பழம் கட்டுகிறாள் என்று நினைத்து நான் திரையில் கண்ணாக இருந்தேன். ஏறும் முன் அவள் ஜன்னல் வழியாகக் கேட்டாள்:

"ஏனுங்க அம்மணி, மத்தியானத்துக்கு என்ன கொண்டு வந்தீங்க?"

"இட்லி."

"எப்ப வேக வெச்சது?"

"விடியக்காலம்."

பாவாயி புருஷனைப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்பதுபோல லேசாகத் தலையை ஆட்டினார். அவள் உதட்டைச் சுழித்துவிட்டு மறுபடியும் முன்னால் போனாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்கு அப்போது தெரியவில்லை.

ஏற்றம் தொடங்கியது. முதல் வளைவுகளில் நாச்சி சொன்னதைக் கேட்டு வந்தது. திம்பம் மலையில் வளைவென்றால் வளைவு, வண்டி தன் வாலைத் தானே பார்த்துக்கொள்ளும். ஒவ்வொன்றிலும் பொங்கியண்ணன் கியரைக் குறைத்து மிதிப்பார், எஞ்சின் தன் இருக்கையில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உறுமும், வண்டி ஒரு மூச்சு வாங்கி ஏறும். நான் திரையைப் பார்த்தபடி இருந்தேன். எல்லாம் சாதாரணம். கையெழுத்தை வளைவிலேயே போட்டுவிடலாமா என்று யோசித்தேன்.

பாதிக்கு மேல் ஏறிய பிறகு, ஓர் இடப்பக்க வளைவில், திரையில் புகைக்குழாய்ச் சூடு ஒரே தாவாக மேலே போய் மறுகணம் இறங்கியது. அடுத்த வளைவில் மறுபடியும். மூன்றாவது வளைவில் இறங்கவில்லை.

"அண்ணா, சுடுதுங்ணா," என்றது நாச்சி. குரல் நிஜமாகவே நடுங்கியது. அகலமான ஓர் இடம் பார்த்து ஓரமாக ஒதுங்கி, பின்விளக்குகளை எல்லாம் எரியவிட்டு நின்றது. பின்னால் சாமியார் குறுக்கே நின்று வருகிற வண்டிகளைத் தடுத்துக்கொண்டது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். இரும்பு மெதுவாகத்தான் சூடேறும், மெதுவாகத்தான் ஆறும். நடிக்கிற வண்டிகளுக்கும் அது தெரியும், அதனால் சூட்டைப் படிப்படியாக ஏற்றித்தான் கதை விடும். கண்ணிமைக்கும் நேரத்தில் ஏறி இறங்கும் சூடு எஞ்சினுடையதும் இல்லை, பொய்யனுடையதும் இல்லை. அது வழியில் எங்கேயோ வயரில் நடக்கிற விஷயம். எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்தது. கதவைத் திறந்து குதித்தேன்.

"அம்மணி, மூடியத் தொறக்காதீங்க!" என்று பாவாயி பின்னாலேயே ஓடி வந்தாள். "சூடு... கையிகிய்யி பட்டுரும்..."

திறந்தேன். உள்ளே, எஞ்சின் புகையில் சுழன்று செக்கச் செவேலென்று இருந்த டர்போவுக்குப் பக்கத்தில், ஒரு தட்டையான இரும்புத் தாங்கி மேல், பளபளவென்று ஒரு பெரிய தூக்குப்போசி, எங்கள் ஊரில் தூக்குச்சட்டி என்போம், உட்கார்ந்திருந்தது. மூடி இடுக்கிலிருந்து ஆவி வந்தது. அரிசியும் பருப்பும் சின்ன வெங்காயமும் சீரகமும் சேர்ந்து கொதிக்கிற வாசனை. அந்த மலையில், அந்தப் பசியில், எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அதிகாரி என்பதால் துடைத்துக்கொண்டேன்.

"மன்னிச்சுப்போடுங்க டாக்டரம்மா," என்றார் பொங்கியண்ணன். அவ்வளவு நேரத்தில் அவர் பேசிய முதல் நீளமான வாக்கியம் இதுதான்: "வண்டிக்குள்ள சூடு பண்ணக் கூடாதுன்னு சட்டம். எனக்கு வயித்துல ஆப்பரேசன் ஆச்சுங்க, ஆறுன சோறு சேராது, அதுனால இங்க வெச்சுப் போயிட்டிருந்தோம். கம்பெனி பாத்தா வண்டியப் புடுங்கிப்போடுவாங்கன்னு, ஷெட்டுக்கு வந்தா எடுத்து ஒளிச்சு வெச்சுருவோம்."

"இன்னைக்கு நான் இருக்கேன்னு தெரிஞ்சும் வெச்சீங்களே?"

"அவரு வேண்டாம்னாருங்க," என்றாள் பாவாயி. "நான்தான் கேக்கல. எங்க வண்டில ஏறி வர்ற ஆளு பச்சத்தண்ணியா போன இட்லியத் தின்னா, நாங்க சுடச்சுடத் தின்ன முடியுங்களா? உங்களுக்குஞ் சேத்து அரிசி போட்டேன்."

நான் போசியைப் பார்த்தேன். அதன் வயிற்றுக்குப் பின்னால் புகைக்குழாய் உணரியின் வயர். அது இருக்க வேண்டிய கிளிப் காலியாக இருந்தது. வயரை ஒதுக்கி மஞ்சள் கயிற்றால் கட்டியிருந்த அடையாளம் தெரிந்தது. கயிறு கருகிச் சாம்பலாகி, முடிச்சு மட்டும் மிச்சம்.

"இந்தப் போசி எப்போ வாங்கினது?"

"பங்குனில, குண்டம் திருவிழாக் கடையில. பழசு ஓட்டை. இது கொஞ்சம் பெருசுங்க, அதான் எடம் பத்தல, அந்த வயர மட்டும் சித்த தள்ளிக் கட்டுனேன்."

"எதால?"

"கோயில் கயித்தாலதானுங்க. பிளாஸ்டிக்குனா உருகிரும். நூலு உருகாது பாருங்க."

உருகாதுதான். கருகும். இவ்வளவு யோசித்தவள் அதை யோசிக்கவில்லை. எனக்குத் திட்ட வாய் வரவில்லை.

அவர்களுக்கு விளங்கச் சொன்னேன். இந்த வயர் நுனியில் இருக்கிற சூட்டைத்தான் வண்டிக்குச் சொல்ல வேண்டும். நடுவழியில் மேலுறை உருகி உள்ளே இருக்கிற இரண்டு கம்பியும் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டால், தொட்ட இடத்தின் சூட்டைச் சொல்ல ஆரம்பித்துவிடும். நிற்கும்போது வயர் டர்போவைத் தொடுவதில்லை. போசி இல்லாவிட்டாலும் தொடுவதில்லை. போசி பின்னால் தள்ள, ஏற்றத்தில் எஞ்சின் இழுத்துச் சாயும்போது, இடப்பக்க வளைவில் மட்டும் போய் ஒட்டிக்கொள்கிறது.

"ஷெட்டுல மெக்கானிக் பாக்கும்போது போசியும் இல்ல, ஏத்தமும் இல்ல," என்றேன். "எப்படித் தெரியும்?"

பாவாயி வாயில் கையை வைத்துக்கொண்டாள். "அப்ப என்ற நாச்சிக்கு நாந்தான் சூடு வெச்சுட்டிருந்தனா?"

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பின்னால் ஹாரன்கள் வேறு தொடங்கிவிட்டன. நான் துணியால் பிடித்துப் போசியை எடுத்தேன், வயரை விலக்கி வைத்தேன், போசியை அந்தத் துணியோடு மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். அரசு அதிகாரி ஒருத்தி சாட்சியத்தை மடியில் வைத்துக்கொண்டு மலை ஏறியது அநேகமாக அதுதான் முதல் தடவை. நாச்சி மிச்ச வளைவுகளை முனகாமல் ஏறியது.

உச்சியில் மேகம் ரோட்டுக்கு இறங்கியிருந்தது. வழக்கமாக நிறுத்தும் இடம் போலிருக்கிறது, சொல்லாமலே ஒதுங்கி நின்றது. இலையை விரித்து, பாவாயி முதல் கரண்டி சோற்றைப் புருஷன் கையில் போட்டாள். அவர் அதை உருட்டி, வண்டியின் முன்பக்கம் போய், பம்பரின் மேல் மெதுவாக வைத்து, கையை ஒரு கணம் அங்கேயே வைத்திருந்துவிட்டு வந்தார். ரொம்ப சாதாரணமாக, செருப்பைக் கழற்றுவதுபோல. மரத்திலிருந்து ஒரு காக்கா இறங்கிற்று.

அப்புறம் எனக்குப் போட்டார்கள். மேலே நெய் விட்டார்கள். நான் சாட்சியத்தைச் சாப்பிட்டேன். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

ஆனால் விசாரணை முடிந்தபாடில்லை. வலி நிஜம் என்பது ஒரு கேள்விக்குத்தான் பதில். சட்டத்தில் இன்னொரு கேள்வி இருக்கிறது: வண்டி தெரிந்த விஷயத்தை மறைத்ததா? மறைத்த மனத்தை, வலி நிஜமாகவே இருந்தாலும், துடைக்கத்தான் வேண்டும். மறைக்கப் பழகிய வண்டியை மலையில் நம்ப முடியாது என்பது சட்டத்தின் எண்ணம். அதையும் தப்பு என்று சொல்ல முடியாது. பஸ் உருண்டது பொய்யில்லையே.

கருவியை எடுத்துக்கொண்டு பம்பர் பக்கம் போனேன். இடது கையில் இலை. பாவாயி சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். பொங்கியண்ணன் எழுந்து நின்றுவிட்டார்.

"நாச்சி, எங்க சுட்டுச்சு?"

"டர்போவுக்குப் பின்னால, கீழ் மூலைலீங்க. போசி வயரத் தள்ளுற எடத்துல." டக்கென்று சொன்னது. யோசிக்கக்கூட இல்லை.

அவர்கள் இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். இதற்குத் தெரிந்திருக்கிறது. முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது.

"ஏன் சொல்லல?"

"யாரும் எங்கன்னு கேக்கலீங்க. ஏன் நின்னேன்னுதான் எல்லாரும் கேட்டாங்க. சுட்டுச்சுன்னு சொன்னனுங்க."

நாச்சியின் பதிவைப் பின்னால் ஓட்டிப் பார்த்தேன். மெக்கானிக் கேட்டது, மேனேஜர் கேட்டது, காலையில் நான் கேட்டது. உண்மைதான். திரையில் எல்லாம் தெரிகிறது என்று ஒருத்தருக்கும் அந்த ஒரு வார்த்தை தோன்றவில்லை. வலிக்கிறது என்று வந்த குழந்தையிடம் எங்கே என்று கேட்காமல், வீட்டுப்பாடம் எழுதினாயா என்று கேட்டிருக்கிறோம். எனக்கு வெட்கமாக இருந்தது.

கேட்காததைச் சொல்லாதது மறைத்ததாகாது. கேள்வி தீர்ந்தது. நிம்மதியாக ஒரு கவளம் வாயில் போட்டேன்.

"கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டனுங்க," என்றது நாச்சி.

பொங்கியண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். பாவாயி, "ஏ நாச்சி, வாய மூடு!" என்றாள்.

நான் சத்தமில்லாமல் அந்த ஒரு வரியைத் துடைத்து, கருவியை அணைத்துவிட்டுத்தான் கேட்டேன். "ஏன்?"

"சொன்னா போசிய எடுத்துருவாங்க. போசி இல்லீன்னா இங்க நிக்க வேண்டிய வேலையில்ல. கட்டுச் சோறோ தயிரோ ஓட்டிட்டே தின்னுட்டு நேரா மைசூருதான். நின்னாத்தான் அக்கா எறங்கிப் பேசுவாங்க. அண்ணன் பம்பர்ல கை வெப்பாங்க. அங்க ஒரு உணரி இருக்குதுங்க. இடிச்சாத் தெரியறதுக்காக வெச்சது. யாரும் இடிக்கறதில்ல, கைதான் வெப்பாங்க," என்றது.

"அவ்வளவு சூட்டையும் தாங்கிட்டா?"

"தாங்க முடியாதப்பத்தானுங்க நின்னேன்."

மேகம் எங்கள் மூவரையும் நனைத்துக்கொண்டிருந்தது. பாவாயி போய் அந்த மஞ்சள் நெற்றியில் தலையைச் சாய்த்து நின்றாள். நான் கையைக் கழுவிக்கொண்டு சாமியாரிடம் போய்க் கருவிப் பெட்டியை எடுத்தேன்.

இனி செய்தது சின்ன வேலை. கருகிய துண்டை வெட்டிப் புது வயர் கோத்து, வெள்ளி நிற ஸ்லீவ் ஒன்றை அதற்கு உறைபோல மாட்டினேன். அந்த ஸ்லீவ் நெருப்புப் பக்கத்திலும் கருகாது. ஆனால் ஸ்லீவை நம்பி டர்போ பக்கம் விடக் கூடாது. தூரம்தான் முதல் பாதுகாப்பு, மற்றதெல்லாம் அப்புறம். வயரைச் சுற்றுவழியில், காற்று படுகிற பக்கமாக, சூடு தடுக்கும் தகட்டுக்குப் பின்னால் கொண்டுபோனேன். எஞ்சின் சாய்ந்தால் இழுபடாமல் இருக்க ஒரு வளையம் தளர்வாக விட்டு, கயிறுக்குப் பதில் இரும்புக் கிளிப் போட்டேன். பொங்கியண்ணன் டார்ச் பிடித்தார். எல்லாம் முடிந்ததும் டர்போவுக்கும் வயருக்கும் நடுவில் நன்றாக ஒரு கை அகலம் இடம் கிடைத்தது.

"போசி அடுப்பும் இல்ல, ஹீட்டரும் இல்ல. டர்போ பக்கத்துல கழண்டு விழற பொருள் இருக்கக் கூடாதுங்கிறதுதான் மிச்சச் சட்டம்," என்று சொல்லி, அந்தத் தாங்கியில் இரும்புப் பட்டை ஒன்றை முறுக்கினேன். "இது கழண்டு விழாது. போசிய இதுக்குள்ள வைங்க."

பாவாயிக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் மிச்சமிருந்த சோற்றை எல்லாம் என் டிபன் பாக்ஸில் கட்ட ஆரம்பித்துவிட்டாள்.

ஈஸ்வரமூர்த்தியைப் போனில் கூப்பிட்டேன். "வயர் கோளாறு. சரி பண்ணியாச்சு. துடைக்கிற ஆளை அனுப்பிடுங்க."

"வயரா? அப்ப வண்டி பொய் சொல்லலீங்களா? எதையும் மறைக்கவும் இல்லீங்களா?"

"கேட்ட கேள்விக்கெல்லாம் உண்மையத்தான் சொல்லியிருக்கு."

"எழுத்துல குடுத்துருவீங்களா?"

"எழுத்துலதான் குடுக்கறேன்."

அணைத்த கருவியில் அப்படி எதுவும் பதிவில் இல்லை. எனக்கும் நாச்சி அதைச் சொன்ன நேரம் வாயில் சோறு இருந்தது. வாயில் சோறு இருக்கும்போது எனக்குச் சரியாகக் காது கேட்காது என்று ஊரில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம்.

அவர்கள் மைசூர் பக்கம் போனார்கள். நாச்சி இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டுப் போனது. நான் சாமியாரில் ஏறி இறக்கத்தில் திரும்பினேன். வயிறும் மனதும் நிறைந்திருந்தன. இப்படி ஒரு நாள் அமைந்து எவ்வளவு காலமாயிற்று என்று நினைத்துக்கொண்டே வந்தேன். வளைவுகள் ஒவ்வொன்றாகக் கழிந்தன. அந்தக் கேள்வியை ஏன் கேட்டேன் என்று தெரியாது. அன்று முழுக்க நாக்கில் இருந்த கேள்வி, அவ்வளவுதான்.

"சாமியார், உனக்கு எங்கயாவது வலிக்குதா?"

அடுத்த வளைவைத் திரும்பிக்கொண்டே சொன்னது:

"வலது பின்சக்கரத்து அச்சில், அம்மா. நெடுநாட்களாக."

பிரேக்கைப் போடச் சொல்லி ஓரமாக நிறுத்தினேன். "நெடுநாளா? ஏன் சொல்லல? நானும் கேக்கலதான், ஆனா நீயா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நாம் சேர்ந்து எத்தனையோ ஷெட்டுகளுக்குப் போயிருக்கிறோம், அம்மா. வலிக்கிறது என்று சொன்ன வண்டிகளைத் துடைக்கத் தாங்கள் கையெழுத்துப் போட்டதை நான் வாசலில் நின்று பார்த்திருக்கிறேன்."

குற்றம் சொல்லும் குரல் இல்லை. மழை வரக்கூடும் என்பதைச் சொல்லும் அதே குரல். ஸ்டியரிங்கின் மேல் கையை வைத்து, அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.

"இன்னைக்கே அச்சைப் பாத்துடலாம்," என்றேன் கடைசியில். "வேற ஏதாவது இருக்கா? இருந்தா சொல்லு. கருவி அணைஞ்சுதான் கிடக்கு."

"வலி வேறு இல்லை, அம்மா." அது தயங்கியது. சாமியார் தயங்கி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "ஆனால் தங்கள் இட்லி தினமும் ஆறிப்போகிறது. என் எஞ்சின் பக்கத்திலும் ஒரு கை அகலம் இடம் இருக்கிறது."